மேசைமேல் கொட்டிய வயல்

தோண்டுவது பகல் வேலை. தோண்டி எடுத்தது என்ன என்று கண்டுபிடிப்பது ராத்திரி வேலை. மெட்டல் டிடெக்டரும் ஹெட்போனுமாக வயலில் குறுக்கும் நெடுக்கும் நடப்பவர்களைச் சாலையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு முதல் பாதிதான் தெரியும். இரண்டாம் பாதி சமையலறை மேசையில் நடக்கிறது. பழைய செய்தித்தாளை விரித்து, பையைக் கவிழ்த்து, மண்ணோடு விழுந்ததை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்து, பூதக்கண்ணாடியைத் தேடுவது. எனக்குப் பிடித்தது இந்த இரண்டாம் பாதி. முதல் பாதியில் முதுகு வலிக்கும்.

வேலை நிமித்தம் நார்விச்சுக்கு வந்தவன் நான். நார்ஃபோக் மாவட்டத்தின் தலைநகர் அது. பக்கத்து வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டிய ஓய்வுபெற்ற எலெக்ட்ரீஷியன். நான் கரூர்க்காரன் என்றபோது அவர் மரியாதைக்குத் தலையாட்டினார். ரோமானியக் காசு கிடைக்கிற ஊர் என்று சொன்னதும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ போட்டார். அந்த டீயில் தொடங்கியதுதான் எல்லாம். அறுவடை முடிந்த ஒரு செப்டம்பர் சனிக்கிழமை, தன்னுடைய பழைய டிடெக்டரை என் தோளில் மாட்டிவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரு விவசாயியின் வயலுக்கு அழைத்துப் போனார்.

போகும் வழியெல்லாம் சட்டம் சொன்னார். நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் ஒரு பிடி மண்ணைக்கூடப் பெயர்க்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அரசு அனுமதியின்றி டிடெக்டரை இயக்குவதே குற்றம். 300 வருடத்துக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிப் பொருள் கிடைத்தாலோ, அவ்வளவு பழைய தங்க, வெள்ளிக் காசுகள் இரண்டு ஒரே குவியலில் கிடைத்தாலோ 1996-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி 14 நாளுக்குள் கரோனரிடம் தெரிவிக்க வேண்டும். சந்தேக மரணங்களை விசாரிக்கிற அதே கரோனர்தான்! புதையலும் பிணமும் ஒரே மேசைக்குப் போகிற நாடு இது. தனியாகக் கிடைத்த ஒற்றைக் காசு, எத்தனை பழசாக இருந்தாலும், பொதுவாகப் புதையல் கணக்கில் வராது. நம் ஊரில் 1878-ஆம் ஆண்டுச் சட்டம் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதுவானாலும் கலெக்டரிடம் சொல்லச் சொல்கிறது என்றேன். "பத்து ரூபாய் என்றால் எவ்வளவு?" என்று கேட்டார். ஒரு டீகூட வராது என்றேன்.

வயலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோதுமைத் தாள் காலைக் குத்தியது. மண் முழுக்கச் சிக்கிமுக்கிக் கல். இரும்புக்குக் கருவி உறுமும். செம்புக்கும் வெள்ளிக்கும் குரல் மேலே ஏறும். தகர மூடிக்கும் ஏறும் என்பதுதான் சங்கடம். பெரியவர் ஒன்றில் மட்டும் கறாராக இருந்தார். எடுத்த ஒவ்வொன்றையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டு, போனில் ஜிபிஎஸ் பார்த்து வரைபடக் கட்ட எண்ணைக் கவர்மேல் எழுத வேண்டும். துருப்பிடித்த ஆணிக்கும் எழுதணுமா என்றேன். ஆணி வேண்டாம், ஆணியா இல்லையா என்று சந்தேகம் வந்தால் எழுது என்றார்.

இனி மேசை. கொட்டியதில் முக்கால்வாசி குப்பை. வேட்டைத் தோட்டாக்களின் பித்தளை அடிப்பாகங்கள், பியர் டின் வளையங்கள், டிராக்டரிலிருந்து கழன்ற ஏதோ ஒன்று, நசுங்கிய ஈயக் குழாய். அதற்கடுத்து பித்தான்கள். இங்கே உழுத மண்ணில் காசைவிடப் பித்தான்தான் அதிகம். இத்தனை பேர் வயலுக்கு வந்து சட்டையைக் கழற்றினார்களா என்று கேட்டேன். அப்படியில்லையாம். ஊர்க் குப்பை, சாணம், கந்தல் துணி எல்லாம் வண்டி வண்டியாக எருவுக்கு வயலுக்கு வந்தன. பித்தானும் உடன் வந்தது. வெள்ளை நிறத்தில் தட்டையாக, பின்னால் வளையம் உடம்போடு சேர்ந்திருந்தால் பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டு. பின்புறத்தில் "மும்முறை பொன் முலாம்" என்று பெருமை பேசினால் 19-ஆம் நூற்றாண்டு. நான் உடனே பேரேட்டில் குறித்துக்கொண்டேன். பேரேடு வைக்கும் பழக்கம் எங்கள் குடும்பத்து நோய்.

அந்த நோய் பெரியப்பாவிடமிருந்து வந்தது. கரூரில் நூல் கடையொன்றில் நாற்பது வருடத்துக்கு மேல் கணக்கெழுதியவர். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பழங்காசு வாங்குவார். அமராவதி ஆற்றில் மணலைச் சலித்துக் காசு பொறுக்குகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் துணிமுடிச்சோடு எங்கள் திண்ணைக்கு வருவார்கள். அவர் எடைக்கு வாங்கிப் புளி போட்டுத் தேய்ப்பார். இந்த மேசையிலிருந்து ஒவ்வொரு படமும் வாட்ஸ்அப்பில் அவருக்குப் போனது. அவருக்குத் தூக்கம் வராத நேரமும் எங்கள் மேசை வேலை நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன.

புளி விஷயத்தைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது. செம்புக் காசின் மேல்பரப்பு நூற்றாண்டுக் கணக்கில் மண்ணுக்குள் கிடந்து களிம்பாக மாறிவிடுகிறது. எழுத்தும் உருவமும் அந்தக் களிம்பில்தான் நிற்கின்றன. புளியின் அமிலம் களிம்பைக் கரைத்தால் பளபளவென்று ஒரு செம்புத் துண்டு மிஞ்சும், ராஜா போய்விடுவார். அவர் செய்வது எளிது: சுத்தமான நீரில் ஊறவைப்பது, பல்குச்சியால் மண்ணை மட்டும் உதிர்ப்பது, நிறுத்துவது. எங்கே நிறுத்துவது என்பதுதான் வித்தை. பிறகு மேசை விளக்கைக் காசின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் வெளிச்சம் விழச் செய்வார். மேலிருந்து பார்த்தபோது மொட்டையாக இருந்த காசில் நிழல் விழுந்து ஒரு மூக்கு எழும்பும். அதை முதன்முதலில் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் மயிர்க்கூச்செறிந்தது.

பெரிய செம்புக் காசு ஒன்றுக்கு விளக்கே தேவைப்படவில்லை. கையில் எடுத்ததும் பெரியவர், "மூன்றாம் ஜார்ஜ், 1797" என்றார். அகன்ற தடித்த விளிம்பு, விளிம்பில் உள்ளே அழுத்திப் பொறித்த எழுத்து, ஒரு அவுன்ஸ் எடை. அந்த விளிம்புக்காகவே அதற்கு வண்டிச்சக்கரம் என்று பட்டப்பெயர். பர்மிங்ஹாமில் மேத்யூ போல்ட்டனின் சோஹோ ஆலையில் நீராவி இயந்திரத்தில் அச்சடித்தது. படம் போன அடுத்த நிமிடம் பெரியப்பாவிடமிருந்து ஒரு படம் திரும்பி வந்தது: கிழக்கிந்தியக் கம்பெனியின் சிங்கங்களும் கேடயமும், மறுபுறம் பாரசீக எழுத்து, கீழே பத்துக் காசு, 1808. சென்னை மாகாணத்துக்காக அதே சோஹோ ஆலையில் அடித்தது! அந்தச் சரக்கு ஏற்றிய அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் கெண்ட் கடற்கரைக்கு எதிரே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது என்றும், 1980-களில் லட்சக்கணக்கில் காசுகளை மேலே எடுத்தார்கள் என்றும் பெரியவர் சொன்னார். பெரியப்பாவுக்கு இதில் தாங்க முடியாத சந்தோஷம். "அப்ப என்னுது தப்பிச்சு வந்த காசு கண்ணு" என்றார்.

அடிப்பக்கம் பிளந்த பித்தளைச் சலங்கை ஒன்றும் இருந்தது, நெல்லிக்காயளவு. உள்ளே இரும்புக் குண்டு இன்னும் உருண்டது. ஆர், டபிள்யூ என இரண்டு எழுத்து. வில்ட்ஷயரில் ஆல்ட்போர்ன் ஊரில் 18-ஆம் நூற்றாண்டில் மணி வார்த்த ராபர்ட் வெல்ஸின் முத்திரை. குதிரைச் சேணத்திலோ ஆட்டின் கழுத்திலோ இருந்திருக்கும். விவசாயியின் பேத்தி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

தங்கம் என்று நான் நினைத்தது ஒரு மெல்லிய மஞ்சள் வட்டத்தை. ஒரு பக்கம் மூவிதழ் வளைவுக்குள் சிலுவை நட்ட உலக உருண்டை. மறுபக்கம் நடுவில் ரோஜா. அதைச் சுற்றி மூன்று கிரீடம், மூன்று அல்லி, மாற்றி மாற்றி. இது எந்த நாட்டு ராஜா காசு என்று நான் தேடிக்கொண்டிருக்க, பெரியவர் சிரித்துக்கொண்டே, இது காசே இல்லை என்றார். ஜெர்மனியில் நியூரம்பெர்கில் பித்தளைத் தகட்டில் அடித்த கணக்கு வில்லை. காகிதத்தில் எண் எழுதிக் கூட்டும் வழக்கம் பரவுவதற்கு முன், கோடு போட்ட பலகையில் அல்லது கட்டம் போட்ட துணியில் இந்த வில்லைகளை நகர்த்தித்தான் வணிகர்களும் மடாலயத்தாரும் கணக்குப் பார்த்தார்கள். ஒரு கோட்டில் வைத்தால் ஒன்று, அடுத்த கோட்டில் பத்து, அதற்கடுத்ததில் நூறு. எழுத்தைப் படித்தால் செய்தவர் பெயரே இருக்கிறது: ஹான்ஸ் கிரௌவின்கெல். அந்தப் பெயரில் பட்டறை நடத்திய இரண்டாமவர் 1586 முதல் 1635 வரை வேலை பார்த்தவர். ஐரோப்பா முழுவதும் இறைத்திருக்கிறார். இங்கே டிடெக்டர் வைத்திருக்கிற எல்லோரிடமும் ஒன்றாவது இருக்கும்.

பார்க்கக் காசு மாதிரி, ஆனால் செல்லாது. கணக்கில் மட்டும் செல்லும். பெரியப்பாவுக்கு இதை விளக்கியபோது அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, "இத்தன காலம் ராஜாவத் தேடிட்டிருந்தேன். இது நம்ம ஆளு காசப்பா" என்றார். கணக்குப்பிள்ளையின் காசு! அவர் சேகரிப்புக்கு ஒன்று வாங்கி அனுப்பலாமா என்று பெரியவரிடம் கேட்டேன். வாங்கவா, என்று தன் டப்பாவிலிருந்து இரண்டைப் பொறுக்கிக் கொடுத்தார்.

வெள்ளி ஒன்றுதான் கிடைத்தது, அதுவும் முழுதாக இல்லை. பிட்சாத் துண்டு வடிவத்தில் நகத்தளவு, எடை முப்பத்தைந்து சென்டிகிராம் சொச்சம். உடைந்ததா என்றேன். வெட்டியது என்றார். 13-ஆம் நூற்றாண்டில் இங்கே பென்னிதான் புழக்கத்தில் இருந்த காசு. அரைப் பென்னி, கால் பென்னி வேண்டுமென்றால் பின்பக்கச் சிலுவைக் கோட்டை ஒட்டிக் கத்தரித்துக் கொள்வார்கள். சிலுவை அதற்கு வசதியாக இருந்தது. 1247-க்கு முன் சிலுவை குட்டையாக இருந்தது, விளிம்பைத் தொடாது. ஓரத்தைச் சுரண்டி வெள்ளி திருடுகிறவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. மூன்றாம் ஹென்றியின் ஆட்கள் 1247-இல் சிலுவையை விளிம்புவரை நீட்டிவிட்டார்கள். நுனி குறைந்தால் திருட்டு தெரிந்துவிடும். எங்கள் துண்டில் இரட்டைக் கோட்டுச் சிலுவையின் இரண்டு கை, விளிம்புவரை. நடுவே மூன்று புள்ளி. ஓரத்தில் வி, என், டி என்று மூன்றே எழுத்து. மறுபுறம் ராஜாவின் சுருள்முடி கொஞ்சம்.

மூன்று எழுத்தை வைத்து என்ன செய்வது? அந்தக் காலப் பென்னியின் பின்பக்கத்தில் அடித்தவன் பெயரும் அடித்த ஊரும் நான்கு பாகமாகப் பிரிந்து நிற்கும். கடைசிப் பாகத்தில் இந்த மூன்றும் வந்தால் அது லண்டன் என்ற ஊர்ப்பெயரின் வால். ஆள் யார் என்பது மற்ற முக்கால் பங்கோடு எந்தச் சந்தையிலோ போய்விட்டது. 1279-இல் முதலாம் எட்வர்ட் புதுக் காசு கொண்டுவந்தார்; சீக்கிரமே வட்ட வடிவில் அரைப் பென்னியும் கால் பென்னியும் தனியாக வந்துவிட, கத்தரிக்கோலுக்கு வேலை போயிற்று. ஆக இந்தத் துண்டு வெட்டுப்பட்டது முப்பது சொச்ச வருட இடைவெளிக்குள். ஒரு காசின் வயதை அதில் எழுதாத வருடத்திலிருந்து இவ்வளவு நெருக்கமாகச் சொல்ல முடிகிறது என்பதை நான் இன்னும் முழுதாக நம்பி முடிக்கவில்லை.

கடைசியாக மிஞ்சியது, சட்டைப் பித்தானைவிடச் சிறிய பச்சை வில்லை. பதின்மூன்று மில்லிமீட்டர். நான் அதைக் குப்பைப் பக்கம் தள்ளியிருந்தேன். பெரியவர் இழுத்து விளக்கடியில் வைத்தார். பல்குச்சி வேலை அரைமணி நேரம். மாலையும் ஓலையுமாக இடப்பக்கம் நடக்கிற வெற்றித் தேவதையின் பாவாடை மடிப்பு தெரிந்தது. 388-க்கும் 402-க்கும் இடையில் ரோமப் பேரரசின் மேற்கு அக்கசாலைகளில் அடித்த வகை. அதற்குப் பிறகு பிரிட்டனுக்கு ரோமச் செம்புக்காசு வரத்து நின்றே போயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் ரோமாபுரியின் ஆட்சியும் போனது.

முன்பக்கம் முத்துப்பட்டம் கட்டிய ஒரு தலை. பெயரில் கடைசி மூன்று எழுத்தான ஐ, வி, எஸ் மட்டும் தெளிவு. அதற்கு முன்னால் பாதி அழிந்த ஒரு எழுத்து. அது எஸ் என்றால் தியோடோசியஸ். டி என்றால் அவருடைய மூத்த மகன் ஆர்கேடியஸ். ஆர் என்றால் இளைய மகன் ஹொனோரியஸ். அப்பாவும் இரண்டு பிள்ளைகளும் ஒரு எழுத்துக்குள் முட்டிக்கொண்டு நின்றார்கள். பெரியவர் ஆர் என்றார். எனக்கு எஸ் மாதிரி பட்டது. படத்தை அனுப்பினேன்.

பெரியப்பா போனிலேயே வந்துவிட்டார். "இது நம்ம ஆத்துக் காசாச்சே! உனக்கெப்படிக் கண்ணு கெடச்சுது?" அவர் சொன்னதில் தவறில்லை. இதே காலத்து, இதே அளவு ரோமச் செம்புக் காசுகள் அமராவதியிலும் மதுரை வைகையிலும் நிறையக் கிடைத்திருக்கின்றன. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி கரூர், மதுரைக் காசுகளுக்காகவே 1994-இல் தனிப் புத்தகம் போட்டார்; அது பெரியப்பாவின் தலைமாட்டில் இருக்கும். அவரிடம் உள்ள காசுகளை மேசையில் பரப்பி வீடியோவில் காட்டச் சொன்னேன். அப்போதுதான் வித்தியாசம் தெரிந்தது. அவருடையவற்றில் தேவதை சும்மா நடக்கவில்லை. ஒரு கைதியை முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறாள். அடியில் உள்ள அக்கசாலைக் குறிகள் அந்தியோக்கியா, கான்ஸ்டான்டிநோபிள் பக்கத்தவை. ஒரே வருடங்கள், ஒரே அரசர்கள். கிழக்கில் அடித்தது எகிப்து, செங்கடல் வழியாக நம் பக்கம் வந்திருக்கிறது. மேற்கில் அடித்தது இங்கே சிப்பாய் சம்பளமும் சந்தைச் சில்லறையுமாகச் செலவாகியிருக்கிறது. இரண்டையும் என் போன் திரையில் அருகருகே பார்த்தபடி பெரியவர் இரண்டாவது டீயை ஆறவிட்டுவிட்டார்.

"உங்கள் பெரியப்பாவின் காசுகள் ஆற்றில் எந்த இடத்தில் கிடைத்தவை?" என்று கேட்டார். மொழிபெயர்த்தேன்.

"ஆத்துலதான்."

"ஆற்றில் எங்கே?"

"ஆறு பூராவும் ஆத்துலதானே கண்ணு."

பெரியவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அவர் கேட்டதன் காரணம் அடுத்த மாதம், மாவட்டத் தொல்லியல் அலுவலரிடம் எல்லாவற்றையும் கொண்டுபோனபோது எனக்கு விளங்கியது. பிரிட்டிஷ் மியூசியம் நடத்தும் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் திட்டத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் இப்படி ஒருவர் உண்டு. புதையல் அல்லாதவற்றையும் நாமாக விரும்பிக் காட்டினால், படம் பிடித்து, எடை போட்டு, பொதுப் பட்டியலில் ஏற்றிவிட்டுத் திருப்பித் தருவார்கள். 1997-இல் சோதனையாகத் தொடங்கிய சில இடங்களில் நார்ஃபோக்கும் ஒன்று. இப்போது அந்தப் பட்டியலில் 15 லட்சத்துக்கு மேல் பொருள்கள். அந்த அம்மா முதலில் கையை நீட்டியது காசுக்கு இல்லை, கவர்மேல் இருந்த எண்ணுக்கு. பித்தான்களைப் பார்த்துப் புன்னகைத்து ஒதுக்கினார். வெட்டிய வெள்ளியையும் கணக்கு வில்லையையும் ரோமக் காசையும் எழுதிக்கொண்டார். ரோமக் காசில் அரசர் பெயர் இடத்தில் "தியோடோசியஸ் குடும்பம், யாரென்று உறுதியில்லை" என்று போட்டுவிட்டு நகர்ந்தார். அரசர் பெயரைத் திறந்து விட்டதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் கட்ட எண்ணில் ஒரு இலக்கம் தெளிவில்லாமல் இருந்ததற்கு என்னை வரைபடத்தைத் திறந்து காட்டச் சொன்னார். அந்த வயலின் கீழ்மூலையில் இதற்கு முன்னும் இரண்டு ரோமக் காசு பதிவாகியிருக்கிறதாம். மூன்றாவது வந்ததும் அவர் குரல் மாறியது. எருவண்டியில் வந்ததா, அங்கேயே ஆள் குடியிருந்தார்களா என்ற கேள்விக்குக் காசு பதில் சொல்லாது, மூலைதான் சொல்லும்.

திரும்பும் வழியில் பெரியவர் ஹாக்ஸன் கதையைச் சொன்னார். எல்லையைத் தாண்டினால் சஃபோக். அங்கே 1992 நவம்பரில் ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடிக் கொடுக்க நண்பர் ஒருவர் டிடெக்டரோடு போனார். கருவி காட்டிய இடத்தில் தங்கக் காசும் வெள்ளிக் கரண்டியும் வந்தன. அவர் முழுக்கத் தோண்டாமல் பாதியில் நிறுத்தித் தகவல் சொன்னார். மறுநாளே தொல்லியலாளர்கள் வந்து மண்ணோடு பெயர்த்து எடுத்தார்கள். அதனால்தான் ஏறக்குறைய 15,000 காசுகள் என்பதோடு, அவை மரப்பெட்டிக்குள் சிறு பெட்டிகளில், வைக்கோலும் துணியும் இட்டு எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதும் தெரிந்தது. சுத்தியலும் கிடைத்தது, அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்துக்கே போய்விட்டது.

அந்தப் பெட்டியில் இருந்தவற்றில் நான்கு வெள்ளி மிளகுச் சிமிழ்கள். ஒன்று ஒரு சீமாட்டியின் மார்பளவு உருவம், அங்கங்கே பொன் பூசியது. அடியில் திருகு வட்டு: ஒரு நிலையில் மூடும், ஒரு நிலையில் மிளகு நிரப்பலாம், ஒரு நிலையில் தூவலாம். லண்டன் போனபோது அதன் முன்னால் நின்று படம் எடுத்துப் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். ஐந்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சஃபோக் வயலோரத்து வீட்டில் சாப்பாட்டில் தூவிய மிளகு மேற்குத் தொடர்ச்சி மலைக்கொடியில் காய்த்தது. அவருக்கு அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "சேர நாட்டுச் சரக்கு. காச நாம வாங்கிட்டோம், மொளக அவங்க தின்னுட்டாங்க. கணக்கு நேரு" என்றார்.

இப்போது அவர் புளியை நிறுத்திவிட்டார். சலிக்கிறவர்கள் வந்தால் பாலத்துக்கு மேலா கீழா என்று கேட்கிறாராம். அவர்கள் விலை ஏறப்போகிறது என்று நினைத்து மேலே என்கிறார்களாம். அந்தப் பாதி அழிந்த எழுத்து விவகாரம் மட்டும் தீரவில்லை. பெரியவர் ஆர் என்பதில் நிற்கிறார். பெரியப்பா டி என்கிறார், காரணமும் வைத்திருக்கிறார். அவரிடம் பெயர் முழுதாகத் தெரிகிற ஆர்கேடியஸ் ஒன்று இருக்கிறது. அதில் உள்ள மூக்கும் என் காசின் மூக்கும் ஒன்றாம். அண்ணன் தம்பிக்கு மூக்கு ஒன்றாகத்தானே இருக்கும் என்று பெரியவர் கேட்கச் சொன்னார். கேட்டேன். "உங்கப்பன் மூக்கும் என் மூக்கும் ஒண்ணாவா இருக்குது?" என்றார் பெரியப்பா.